நிலம் பொது, வீடு சொந்தம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்" என்பது நம் முன்னோர் வாய்மொழி. வீடு கட்டுதலின் அருமையை உணர்த்த எழுந்த மொழி அது. ஆயினும் அதனைச் சற்று உற்று நோக்குங்கள். வீடு கட்டப் புகுந்தவனுக்குக் காலூன்ற ஒரு வளவு உண்டு என்று எண்ணிக்கொண்டே அது பேசுகின்றது. கல்லுக்கும் மரத்துக்கும் கூலிக்கும் எங்கே போவது என்பதே அன்றைய கவலை. இன்றைய கவலையோ அத்திவாரத்துக்கும் முந்தியது. அத்திவாரம் வெட்ட நிலம் எங்கே என்பதே அது.

இக்கூட்டத்திலே இருக்கும் இளைஞர்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் குடும்பப் பொறுப்பை ஏற்கப் போகிறவர்கள். ஆசிரியத் தொழிலோ, மேசன் தொழிலோ, தோட்டமோ, கந்தோர் உத்தியோகமோ எதுவாயினும், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நம் ஊரிலே 2 பரப்புக் காணி வாங்கலாம் என்று துணிந்து சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? பிறநாட்டிலே உழைத்து வருவோரின் பணத்தோடு உள்ளூர்ச் சம்பளம் போட்டியிட முடியுமா? முடியாது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆதலின் காணியையும் வீட்டையும் பற்றி வேறு வகையாகச் சிந்திக்கும் ஒரு வழியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். நிலத்தைப் பொதுவிலே வைத்து, வீட்டை மட்டும் குடும்பத்துக்குச் சொந்தமாக்கும் கூட்டுறவு வழி அது.

முதலிலே, நம் பகுதியிற் காணியில்லாதவர் யார் என்று பார்ப்போம். ஒரு சாரார், காணி இருந்தும் இல்லாதவர். பாட்டன் காலத்தில் ஒரே வளவாக இருந்தது பிள்ளைகளுக்குப் பிரிந்து, சீதனமாகவும் முதுசமாகவும் பேரப் பிள்ளைகளுக்குப் பிரிந்து, இன்று உறுதியிலே பிரிபடாத பங்காக மட்டும் நிற்கின்றது. அதில் ஒரு குசினிகூடக் கட்ட முடியாது. இரண்டாவது சாரார், தலைமுறை தலைமுறையாகச் சொந்தக் காணி என்பதையே அறியாதவர். பிறர் வளவின் ஓரத்தில் அவர் சம்மதத்தில் கொட்டில் போட்டு வாழ்ந்தவர். மூன்றாவது சாரார், 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிள்ளை பெற்றுப் பேரப்பிள்ளையும் கண்டவர்கள். காணி விடுவிக்கப்பட்டபோது உறுதி உள்ளவர் திரும்பிப் போயினர். உறுதி இல்லாதவர் எங்கே திரும்பிப் போவது?

இவர்களுக்கு அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நீதியாகாது. 1984 முதல் நடந்த பத்து லட்சம் வீடுகள் திட்டத்தில் சிறு கடன்கள் கொடுக்கப்பட்டன. 2012 முதல் இந்திய அரசின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. குடும்பம் ஒன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரர் தாமே மேசனைப் பிடித்துக் கட்டுவித்தனர். நல்ல திட்டமே. ஆயினும் அதன் வாசலிலே ஒரு கேள்வி நின்றது. "காணிக்கு என்ன ஆதாரம்?" என்பதே அக்கேள்வி. உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்டக்கூடியவருக்கு வீடு கிடைத்தது. வீடு மிகவும் வேண்டியிருந்தவன் எவனோ, அவனே அந்த வாசலில் நின்றுவிட்டான்.

காணியற்றவர்க்குக் காணியோடு வீடு கொடுத்த முயற்சிகளும் உண்டு. 2016இல் கீரிமலைப் பக்கத்தில் நல்லிணக்கபுரம் என்னும் பெயரில் 100 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அரசகாணி மிகச் சொற்பம். வன்னியிற் போல வெட்டிக் கொடுக்கக் காடு இங்கே இல்லை. அகப்படுவதெல்லாம் பிறர் விரும்பாத வெளி நிலமே. அத்தகைய தாழ்ந்த நிலத்திலே மாரி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கல்லுண்டாய் வெளி நமக்கு அறியாத இடமன்று.

இதிலிருந்து தெரிவது யாது? நம் பகுதியில் வீட்டுப் பிரச்சினை என்பது சீமெந்துப் பிரச்சினையன்று, காணிப் பிரச்சினையே. அக்காணியோ தனியார் கையில் உள்ளது. ஆதலின் அதனைத் தீர்க்க வேண்டியவர்களும் கச்சேரியில் உள்ளவர்கள் மாத்திரமல்லர், ஊரவராகிய நாமுமே.

இனி, நிலம் பொது, வீடு சொந்தம் என்றால் என்ன? பெரியோர்கள் சிலர் இது ஏதோ பிறநாட்டுப் புதுமை என்று எண்ணலாம். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள். இன்ன பெயர்க் காணியில் இத்தனை பரப்பு என்று எழுதியபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும் என்று எழுதியிருக்கும். தோட்டம் தனித்தனி, கிணறு பங்கு. கிணற்றைத் தனியொருவன் விற்க முடியாது. வேலி போட்டு அடைக்க முடியாது. இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு என்று முறை உண்டு. கிணற்றிற்கூடப் பங்கு வைத்து வாழத் தெரிந்த சமூகம் நம்முடையது. அந்தக் கிணற்றின் இடத்திலே நிலத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். அதுவே நான் சொல்லும் முறை.

இன்னுமொன்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. காணி விற்க விரும்புகிறவன் முன்னரே பங்காளிக்கும் உரித்துக்காரருக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றாலன்றிப் பிறருக்கு விற்றலாகாது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையை வரையறுத்து இன்னும் காத்து நிற்கின்றது. ஆகவே ஒருவன் தன் காணியை விற்கும்போதும் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒரு சொல் உண்டு என்பது நம் வழமையே. அக்காலத்தில் அது குடும்பத்துக் காணி அந்நியன் கைக்குப் போகாமல் தடுக்க உதவியது. இனி அதே கருத்தை, ஏழையின் வீட்டு மனை சந்தைக்குப் போகாமல் தடுக்கவும் உபயோகிக்கலாம் அன்றோ?

இந்த எண்ணம் நம் காலத்தில் எவ்வாறு உருவாகியது என்பதையும் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆந் தேதி, தெலுங்கானாவிலுள்ள போச்சம்பள்ளி என்னும் கிராமத்துக்கு ஆசாரிய விநோபா பாவே அவர்கள் கால்நடையாகச் சென்றார். அங்கே அரிசனக் குடும்பங்கள் 40, தாம் உழுது பிழைக்க 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்று கேட்டன. விநோபா அரசாங்கத்துக்கு மனு எழுதுவதற்கு முன் கூடியிருந்த ஊரவரையே கேட்டார். இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதான இயக்கம் அன்று பிறந்தது. பின்னர் இந்தியா முழுவதிலும் 40 இலட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் தானத்தின் கதை அத்துடன் முடியவில்லை. அறிவித்த நிலத்தில் ஒரு பெரும் பகுதி பங்கிடப்படவே இல்லை. சில கல்லும் முள்ளுமாக இருந்தன. சில வழக்கிற் கிடந்தன. பங்கிட்ட நிலத்திலும் கிணறும் மாடும் விதையும் இல்லாத ஏழை கடனாளியானான். கடனாளியின் நிலம் எத்தனை நாள் அவன் கையில் நிற்கும்? தனித்தனியாகக் கொடுத்தது தனித்தனியாகவே நழுவிவிடும் என்பதை அவ்வியக்கத்தார் அனுபவத்தாற் கண்டனர். அதனால் எழுந்ததே கிராமதானம். 1952இல் வடநாட்டு மங்ரோத் கிராமத்தில் தொடங்கிய இம்முறையில் நிலத்தின் உரிமை கிராம சபைக்கு உரியதாயிற்று. 1965க்குப் பின் அது மேலும் எளிமையாக்கப்பட்டது. உடையவன் தன் நிலத்தில் 20இல் ஒரு பங்கைக் காணியற்றவனுக்கு விடுவான். மிகுதியைத் தானே உழுது பயன்பெறுவான். ஆனால் ஊர்ச்சபையின் சம்மதமின்றி விற்கமாட்டான்.

1956இலும் 1957இலும் விநோபா தமிழ்நாட்டிலே நடந்தார். மதுரைப் பகுதியிலே பல ஊர்கள் கிராமதானமாயின. அப்பணியிலே அவருடன் நின்றவர்கள் ஜகந்நாதன் அவர்களும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாள் அவர்களும். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியிலே 44 உயிர்கள் ஒரு குடிசையில் எரிந்துபோன கொடுமைக்குப் பின், அவ்விருவரும் தஞ்சைப் பகுதியிலேயே தங்கினர். 1981இல் 'லாப்டி' என்னும் நிலமீட்பு நிறுவனத்தை அமைத்தனர். நிலக்காரருடன் பேசி விலை தீர்த்து, வங்கிக் கடன் பெற்று வாங்கி, கூலிக்காரக் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுக் கொடுத்தனர். அந்நிலங்களைப் பெண்களின் பெயரிலே பதிவு செய்வித்தனர் என்பது கவனிக்கத்தக்கது. குடிகாரக் கணவன் ஒரு கையெழுத்தில் குடும்பத்தை வீதியில் விடாமல் காக்கும் ஏற்பாடு அது. பிற்காலத்திலே ஏழைகளின் ஓலைக் குடிசைகளுக்குப் பதிலாக நல்ல வீடுகள் கட்டும் பணியிலும் அந்நிறுவனம் இறங்கியது.

இக்கருத்துக் கடல் கடந்து போன வரலாறு இன்னும் அதிசயமானது. அமெரிக்காவின் தென்பகுதியிலே ஜோர்ஜியா என்னும் மாநிலம் உண்டு. 1960களிலே அங்குள்ள கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடினர். அவர்களுட் பலர் வெள்ளையரின் காணியிலே குடியிருந்து வாரத்துக்கு விதைத்தவர்கள். வாக்காளர் இடாப்பிலே பெயர் பதியப் போனவனுக்கு மறுநாள் காணிக்காரன் "எழும்பு" என்றான். சட்டம் கொடுத்த வாக்கைக் குடிநிலம் பறித்தது. பிறர் நிலத்திலே நிற்கிறவனுக்குத் தன் வாய் தன்னுடையதன்று என்பதை அவர்கள் அன்று உணர்ந்தனர்.

ஆகவே சாள்ஸ் ஷெரொட், ஸ்லேற்றர் கிங் ஆகிய தலைவர்களும், கிராமதானத்தைக் கருத்தூன்றி ஆராய்ந்த றொபேட் சுவான் என்பவரும் கூடிச் சிந்தித்தனர். பொதுநிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும் முறையை நேரிற் காண 1968இல் அவர்களிற் சிலர் இஸ்ரவேல் நாட்டுக்கும் சென்று வந்தனர். 1969இல் 'நியூ கொமியூனிற்றீஸ்' என்னும் சங்கம் பிறந்தது. ஏறக்குறைய 5,700 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. நிலம் சங்கத்துக்கு, குடியிருப்பும் பயிரும் குடும்பத்துக்கு. போச்சம்பள்ளியில் ஊன்றிய விதை ஜோர்ஜியாவிலே முளைத்தது என்றால் மிகையாகாது.

அதன் முடிவையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மழை பொய்த்தது. அரசாங்கக் கடன் அலுவலகம் வெள்ளை விவசாயிகளுக்குக் கொடுத்த அவசரக் கடனை இவர்களுக்குக் கொடுக்க மறுத்தும் தாமதித்தும் வந்தது. கடன் ஏறியது. 1985இல் நிலம் முழுவதும் பறிபோயிற்று. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. வழக்காடி 2009இல் 1 கோடி 20 இலட்சம் டொலர் நட்டஈடு பெற்றனர். 2011இல் மீண்டும் 1,638 ஏக்கர் வாங்கினர். இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. பொதுநிலத்தை ஒருபோதும் ஈடு வைத்தலாகாது. கடன் வேண்டுமாயின் வீட்டின் மேல் எடுக்கலாம். நிலத்தின் மேல் எடுக்கலாகாது.

அந்நாட்டின் வடகிழக்கிலே பேர்ளிங்டன் என்றொரு சிறு நகரம். 1984இல் பேர்ணி சாண்டர்ஸ் என்பவர் நகரபிதாவாக இருந்தபோது, நகரசபை 2 இலட்சம் டொலர் முதல் கொடுத்து நிலப்பொதுச் சங்கம் ஒன்றைத் தொடக்கியது. இன்று அது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிழலாக நிற்கின்றது. அந்நாட்டில் இத்தகைய சங்கங்கள் இன்று 200க்கு மேல் உள்ளன. அவற்றின் நடைமுறை மிக எளிது. அதனைச் சற்று விரிவாகச் சொல்கின்றேன். ஏனெனில் நாம் கற்க வேண்டியது இதுவே.

நிலத்தைச் சங்கம் வாங்கி என்றென்றைக்கும் வைத்திருக்கும். வீட்டைக் குடும்பம் வாங்கும். நிலத்துக்குக் குடும்பம் நெடுங்காலக் குத்தகை எழுதிக்கொள்ளும். பெரும்பாலும் 99 ஆண்டு. நிலத்தின் விலை சேராதபடியால் வீட்டின் விலை எளிய குடும்பத்துக்கு எட்டும். குடும்பம் வேறிடம் போக நேர்ந்தால் வீட்டை முதலில் வாங்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு. விலையோ சந்தை சொல்லும் விலையன்று; முன்னரே ஒப்புக்கொண்ட கணக்கு.

அந்தக் கணக்கை நம் ரூபாவிலே வைத்துப் பார்ப்போம். ஒரு குடும்பம் 20 இலட்சம் கொடுத்து வீட்டைப் பெற்றது என்று கொள்வோம். 15 ஆண்டின் பின் அவ்வீடு 30 இலட்சம் பெறும் என்று மதிக்கப்படுகின்றது. ஏற்றம் 10 இலட்சம். பேர்ளிங்டன் முறைப்படி அதில் நாலிலொன்று குடும்பத்துக்கு. ஆகவே போகும் குடும்பம் இட்ட முதல் 20 இலட்சத்தோடு இரண்டரை இலட்சம் பெற்றுச் செல்லும். வரும் குடும்பம் 30 இலட்சமன்றி 22½ இலட்சத்துடன் வீட்டை அடையும். ஒரு முறை செய்த தர்மம் ஒரு குடும்பத்தோடு கரைந்து போகாமல், அடுத்த குடும்பத்துக்கும் அதற்கடுத்த குடும்பத்துக்கும் உதவி நிற்கும். வீட்டுத் திட்டத்தில் கொடுத்த வீடு ஒரு தலைமுறையில் விற்கப்பட்டால் ஊருக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்டுப் பாருங்கள். வேற்றுமை அப்போது விளங்கும்.

சங்கத்தை ஆளும் சபையும் மூன்று பங்காக அமையும். ஒரு பங்கு அந்நிலத்தில் வாழ்பவர்; ஒரு பங்கு அயலிலுள்ள ஊரவர்; ஒரு பங்கு பொதுநன்மைக்கு உழைக்கும் அறிஞர், உத்தியோகத்தர் முதலியோர். வாழ்பவர் மட்டும் ஆண்டால் நாளை விலைக்கு ஆசைப்பட்டு நிலத்தைப் பங்கிட்டு விடலாம். ஊரவர் மட்டும் ஆண்டால் குடியிருப்பவன் மீண்டும் பிறர் தயவில் நிற்பவனாவான். இரண்டையும் தடுக்கவே இந்த ஏற்பாடு.

ஆசியாவிலும் உதாரணம் உண்டு. தாய்லாந்து அரசு 2003இல் 'பான் மங்கொங்' என்னும் திட்டத்தைத் தொடக்கியது. அங்கே சேரிவாசிகள் முதலிற் சேமிப்புக் குழுவாகக் கூடுகின்றனர். பின் கூட்டுறவுச் சங்கமாகப் பதிகின்றனர். சங்கமே நிலத்தை வாங்குகின்றது அல்லது குத்தகைக்கு எடுக்கின்றது. கடன் தனி ஆளுக்கன்று, சங்கத்துக்கே கொடுக்கப்படுகின்றது. ஒருவனுக்கு வருத்தம் வந்து தவணை தவறினால் அவன் வீடு ஏலம் போவதில்லை. அயலார் தாங்கிக்கொள்கின்றனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே எழக்கூடிய ஐயங்களை நான் அறிவேன்.

"காணி சொந்தமில்லை என்றால் அது என்ன வீடு? எலி வளையானாலும் தனி வளை வேண்டாமா?" என்று கேட்பார்கள். தனி வளைதான். பூட்டும் திறப்பும் உங்கள் கையில். உங்களை எழும்பச் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதியப்படும். உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைக்குப் போகும். மகளுக்குச் சீதனமாகவும் கொடுக்கலாம். இல்லாதது ஒன்றே: அதை வைத்து வியாபாரம் செய்யும் உரிமை. குடியிருக்க வீடு தேடுகிறவனுக்கு அது நட்டமாகாது.

"காணி எங்கே இருந்து வரும்?" இது நியாயமான கேள்வி. நம் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். பூட்டிய படலைகளும் பற்றை மூடிய வளவுகளும் எத்தனை! அவற்றின் உடைமையாளர் கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கின்றனர். அவர்களுக்கு ஊரில் அன்பில்லை என்று சொல்லமாட்டேன். கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் அள்ளிக் கொடுப்பவர்கள் அவர்களே. காணியை விட அஞ்சுவதற்குக் காரணம் வேறு. 10 ஆண்டு தடையின்றி எதிராக ஆண்டவனுக்கு உரிமை பிறக்கும் என்னும் 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. குடியிருக்க விட்டவன் நாளை உரிமை பேசுவானோ என்ற பயத்தாலேயே வளவு பற்றையாகக் கிடக்கின்றது. பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம் ஒன்று உறுதி எழுதிக் குத்தகைக்கு எடுத்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. குத்தகைக்காரன் உடைமையாளனின் உரிமையை ஒப்புக்கொண்டே இருப்பவன். 30 ஆண்டுக் குத்தகை கொடுப்பவர் கொடுக்கட்டும். பெற்றோர் நினைவாக நன்கொடை எழுதுபவர் எழுதட்டும். அன்னதானம் ஒரு நேரப் பசியைத் தீர்க்கும். நிலதானம் பல தலைமுறையைக் காக்கும்.

கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் ஒரு விண்ணப்பம். தர்மசாதனக் காணிகளை விற்கும்படி நான் சொல்லவில்லை, விற்கவும் கூடாது. ஆனால் சாதனத்தின் நிபந்தனைக்கு மாறாகாத இடத்தில், வெறுங்காணியைக் குத்தகைக்கு விட்டால் கோயில் விளக்குக்கு வருவாயும் ஆகும். அடியார் வீட்டில் விளக்கும் எரியும்.

"தண்ணீர் என்ன ஆகும்?" என்றும் கேட்க வேண்டும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் கீழுள்ள மழைநீரே நம் உயிர். காணியைத் தனித்தனியே துண்டாடி, துண்டுக்கொரு கிணறும் அதன் அருகே துண்டுக்கொரு மலகூடக் குழியும் வெட்டினால் நாம் குடிப்பது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டாக அமைத்தால் இது திருந்தும். ஓர் ஏக்கர் 16 பரப்பு. 10 குடும்பத்துக்கு ஒன்றேகால் பரப்பு வீதம் கொடுத்தால் 12½ பரப்பு. மிகுதி 3½ பரப்பில் ஒழுங்கையும், ஒரு பொதுக் கிணறும், பிள்ளைகள் விளையாட ஒரு நிழலும் அமைக்கலாம். குழிகளைக் கிணற்றுக்குத் தூரமாக ஒரு பக்கத்தில் ஒழுங்குபடுத்தலாம். தனித்தனி வேலிக்குள்ளே இது ஆகாத காரியம்.

இறுதியாக ஓர் ஐயம். அது வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை, மனத்துள்ளே கேட்கப்படும். "பக்கத்து வீட்டில் யார் வந்து இருப்பார்கள்?" என்பதே அது. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். நம் குடாநாட்டிலே நிலம் வெறும் நிலமாக இருந்ததில்லை. யார் கிணற்றில் யார் அள்ளுவது, யார் வளவில் யார் குடியிருப்பது என்பதைக் கொண்டே மனிதனை மனிதன் கீழே வைத்தான். ஆலயப் பிரவேசத்தையும் சமபந்தியையும் ஏற்றுக்கொண்ட பின்னும், குடிநிலத்தில் அந்தக் கோடு அழியவில்லை. ஜோர்ஜியாவிலே வாய் அடைக்கப்பட்டவனின் நிலை நம் ஊரிலும் சிலருக்கு இருந்தது. முற்றாகப் போய்விட்டது என்று மனச்சாட்சியோடு சொல்ல முடியாது. ஆகவே இச்சங்கத்தின் முதல் விதி இதுவாக வேண்டும்: தேவையே தகுதி, குலம் கேட்கப்படாது. இதனை விதியாக எழுதாமல் தொடங்குவதாயின் தொடங்காமல் விடுவதே நன்று. எல்லா உயிரிலும் இறைவன் உறைகின்றான் என்று சொல்லும் சமயம் நம்முடையது. அவன் அண்டை வீட்டில் உறைவதற்கு நாம் வேலி போடலாமா?

கூட்டுறவு நமக்குப் புதிதன்று. இலங்கையிலே கூட்டுறவுச் சட்டம் 1911இல் வந்தது. ஐக்கிய நாணய சங்கங்கள் வட்டிக்காரன் பிடியிலிருந்து நம் தோட்டக்காரரை மீட்டன. நமக்கு அடுத்த மூளாயிலே 1930களில் ஊரவர் கூடிக் கூட்டுறவு வைத்தியசாலையே அமைத்தனர். வைத்தியசாலையைக் கூட்டுறவாக நடத்தலாம் என்று அன்று எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீரசிங்கம் அவர்கள் வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்துக்குச் செய்த தொண்டை, யாழ் நகரிலுள்ள மண்டபத்தின் பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது. நாணயத்துக்கும் நோய்க்கும் கூட்டுறவு கண்டவர்களின் பிள்ளைகள் குடிநிலத்துக்கும் காண முடியாதா?

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று வேலை சொல்லி அமர்கின்றேன். முதலாவது, கொப்பியும் பென்சிலும் எடுத்து ஒழுங்கை ஒழுங்கையாகச் செல்லுங்கள். காணியில்லாத குடும்பம் எத்தனை, வெறுமையாகக் கிடக்கும் வளவு எத்தனை என்று எழுதுங்கள். எண் தெரியாமல் செய்யும் தொண்டு இருட்டில் எறிந்த கல். இரண்டாவது, தேவையுள்ள குடும்பங்கள் பத்தையாவது கூட்டி, மாதம் ஒரு சிறு தொகை சேமிக்கச் செய்யுங்கள். தாய்மார் அதில் முன்னிற்கட்டும். சேமிக்கப் பழகாத சங்கம் காணி கிடைத்தாலும் காக்காது. மூன்றாவது, கூட்டுறவு உதவி ஆணையாளர் கந்தோருக்கும் ஒரு நல்ல நொத்தாரிசிடமும் போய், 1972ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டிய உபவிதிகளை எழுதுவியுங்கள். நிலம் விற்கப்படாது, ஈடு வைக்கப்படாது, குலம் கேட்கப்படாது என்னும் மூன்றும் அவற்றில் முதலில் நிற்கட்டும். பெரியோர்கள் செய்ய வேண்டியது ஒன்றே. பிறநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் சொல்லுக்குள்ள மதிப்பு எங்கள் மனுவுக்கு இல்லை.

ஆயிரம் வீடு கட்டப் புறப்பட வேண்டாம். ஓர் ஏக்கர், பத்துக் குடும்பம் போதும். தேர் அசையும் வரைதான் பாரம். ஊர் கூடி ஒருமுறை வடம் பிடித்துவிட்டால் அது தானே வரும். உங்களோடு வடம் பிடிக்க நானும் காத்திருக்கின்றேன்.